அழுத்தம் எங்கே தொலைந்தது?

பென்சிலை மெதுவாகப் பிடித்து இழுத்தால் மெல்லிய கோடு விழும். அழுத்தி இழுத்தால் தடித்த, கறுத்த கோடு விழும். இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை. சிலேட்டில் 'அ' எழுதப் பழகிய நாளிலேயே நம் விரல்கள் கற்றுக்கொண்ட இயற்பியல் இது. கணினியின் சுட்டெலிக்கு இந்த அறிவு கிடையாது. பொத்தானை அழுத்தினோமா, இல்லையா என்ற இரண்டே செய்திகள்தாம் அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்தினோம் என்பதை அது அறியாது.

இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் 'டிராயிங் டேப்லட்' எனப்படும் வரைபலகை. இதன்மேல் தனிப் பேனா ஒன்றால் வரைந்தால், கையின் அழுத்தத்துக்கு ஏற்பத் திரையில் கோடு தடிக்கும், மெலியும். ஆனால் அதே பலகையை 'மெய்நிகர் கணினி' ஒன்றுக்குள் பயன்படுத்த முயன்றால், பல வேளைகளில் ஒரு விந்தை நிகழ்கிறது. பேனா நகர்கிறது, கோடும் விழுகிறது, ஆனால் எவ்வளவுதான் அழுத்தினாலும் கோட்டின் தடிமன் மாறுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பலகை வெறும் சுட்டெலியாகி விடுகிறது!

"பலகை கெட்டுவிட்டது, வேறு வாங்குங்கள்" என்பது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தீர்ப்பு. "நான் காட்டும் பத்துப் பொத்தான்களை வரிசையாக அழுத்துங்கள்" என்பது காணொளிகளில் கிடைக்கும் வைத்தியம். இரண்டையும் நான் ஏற்பதில்லை. விரலிலிருந்து புறப்பட்ட அழுத்தம், திரையை அடையும் முன் வழியில் எங்கே தொலைந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதே அறிவியல் படிக்கும் மாணவருக்கு அழகு. அந்தத் தேடலில் ஓர் ஆண்டு ஆய்வுக்கூடப் பாடம் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பேனாவுக்குள் ஒரு வானொலி

வரைபலகை நேற்று வந்த பொருள் அன்று. 1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிஸ், எல்லிஸ் என்னும் இருவர், சுமார் 10 அங்குலச் சதுரப் பலகை ஒன்றை அமைத்தார்கள். அங்குலத்துக்கு 100 கோடுகள் வீதம் பேனாவின் இடத்தை அது பிரித்தறிந்தது. அந்தப் பேனாவைக் கணினியோடு கம்பி ஒன்று பிணைத்திருந்தது. 1983-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம், கம்பியும் மின்கலமும் இல்லாத பேனாவைக் கொண்டுவந்தது. மின்கலமே இல்லாத பேனா எப்படிப் பேசும்?

பலகைக்குள் கம்பிச் சுருள்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் வினாடிக்குச் சில இலட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. ஆகவே பலகைக்கு மேலே மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. பேனாவுக்குள்ளும் ஒரு சிறு சுருள் உண்டு. அதனோடு ஒரு மின்தேக்கி. ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலின்படி, பேனாவின் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. பேனாவுக்கு வேண்டிய ஆற்றல் இப்படித்தான் வந்து சேர்கிறது.

அடுத்த கணம் பலகை பேசுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறது. கோவில் மணியை அடித்து நிறுத்திய பிறகும் அதன் ரீங்காரம் சற்று நேரம் கேட்கிறது அல்லவா? அதுபோலப் பேனாவின் மின்சுற்றும் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எந்தச் சுருளுக்கு அந்த ரீங்காரம் வலுவாகக் கேட்கிறதோ அதன் அருகில் பேனா இருக்கிறது என்று பொருள். பக்கத்துச் சுருள்களுக்குக் கேட்ட வலிமையையும் ஒப்பிட்டால், இரு சுருள்களுக்கு இடைப்பட்ட இடத்தையும் நுட்பமாகக் கணக்கிட்டு விடலாம்.

அழுத்தத்தை எப்படி அறிவது? பேனாவின் முனை உள்ளே அமுங்கும்போது அதனோடு இணைந்த மின்தேக்கியின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. ஒத்ததிர்வு அதிர்வெண், மின்தேக்குத்திறனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று மேல்வகுப்பில் படிப்பீர்கள். மின்தேக்குத்திறன் 2 சதவீதம் கூடினால் அதிர்வெண் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். மணியின் சுருதி சற்றே இறங்குகிறது. அந்தச் சுருதி மாற்றத்தைத்தான் பலகை 'அழுத்தம்' என்று படிக்கிறது. வேறு சில பேனாக்களில் மின்தேக்கிக்குப் பதில் சுருளின் தூண்டல்திறன் மாறும். தத்துவம் ஒன்றே.

இங்கே ஒரு சொல் திருத்தம். ஓரலகுப் பரப்பின்மீது செயல்படும் விசையே அழுத்தம் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். இந்தப் பேனா பரப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அது அளப்பது முனையின்மீது செயல்படும் விசையை மட்டுமே. ஊர் வழக்கை ஒட்டி நாமும் அதை அழுத்தம் என்றே சொல்வோம். ஆனால் பொருள் எதுவென்று மனத்தில் இருக்கட்டும்.

இந்த விசையைப் பலகை ஓர் எண்ணாக மாற்றுகிறது. இன்றைய பலகைகள் பலவற்றில் 8192 படிகள் உண்டு. 2-ஐ 13 முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், இந்த எண் வரும். இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களோடு அழுத்தத்துக்கான இந்த மூன்றாவது எண்ணையும் சேர்த்து, வினாடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை யு.எஸ்.பி. வடத்தின் வழியே கணினிக்கு அனுப்புகிறது பலகை.

கணினிக்குள் ஒரு கணினி

இனி மெய்நிகர் கணினிக்கு வருவோம். ஒரே கணினியில் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே உண்டாக்கி ஓட்டுவதுதான் இது. லினக்ஸ் ஓடும் கணினியில் ஒரு சாளரத்தைத் திறந்து, அதற்குள் விண்டோஸ் ஓடும் இன்னொரு கணினியை வைக்கலாம். உள்ளே இருக்கும் இயங்குதளம், தான் ஒரு தனிக் கணினியில் வாழ்வதாகவே நடந்துகொள்ளும். உண்மையான பொறியை 'வெளிக் கணினி' என்றும், அதற்குள் ஓடுவதை 'உள் கணினி' என்றும் அழைப்போம்.

இதுவும் பழைய சரக்கே. ஐ.பி.எம். நிறுவனம் 1967-இல் சி.பி.-40 என்ற அமைப்பில் இதைச் செய்து காட்டியது, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வாடிக்கையாளருக்கு அறிவித்தது. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்னும் இரு அறிஞர்கள், இத்தகைய அமைப்புக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல், உண்மைக் கணினியில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும்; வேகம் பெரிதும் குறையக் கூடாது; கணினியின் வளங்கள் முழுவதும் வெளியிலிருக்கும் மேற்பார்வை மென்பொருளின் பிடியிலேயே இருக்க வேண்டும். இந்த மூன்றாவது இலக்கணத்தை நன்றாகக் கவனியுங்கள். மெய்நிகர் கணினியின் பெருமையும் தொல்லையும் அதிலிருந்தே பிறக்கின்றன.

பெருமை என்ன? உள்ளே என்ன குழப்பம் செய்தாலும் வெளியே இருக்கும் கணினிக்கு எளிதில் தீங்கு வராது. உள் கணினியின் நிலையைப் படம்பிடித்தாற்போல் அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு கோப்புகளை அழித்தாலும், தவறான இயக்கியை நிறுவினாலும், ஒரு பொத்தானை அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். நம் பள்ளிகளின் கணினி அறைகளில் "தொடாதே, கெட்டுவிடும்" என்ற குரல் அடிக்கடி ஒலிக்கிறது. தொடாமல் நீச்சல் கற்பது எப்படி? பள்ளிக் கணினி ஒவ்வொன்றிலும் ஒரு மெய்நிகர் கணினி இருந்து, "இதைக் கெடுத்துப் பார்" என்று மாணவரிடம் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதற்கான நல்ல மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

தொல்லை என்ன? காக்கும் சுவர்தான் தடுக்கும் சுவரும் ஆகிறது. நம் அழுத்தம் தொலைந்தது அந்தச் சுவரில்தான்.

படிவத்தில் கட்டம் இல்லை

உள் கணினிக்கு உண்மையான சுட்டெலி கிடையாது. மேற்பார்வை மென்பொருள் ஒரு போலிக் கருவியைச் செய்து அதனிடம் காட்டுகிறது. இங்கே ஒரு வேடிக்கை. கியூஎமு, வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் அப்படிக் காட்டும் கருவிகளில் ஒன்றின் பெயரே 'யு.எஸ்.பி. டேப்லட்'! பெயரைப் பார்த்து, "பலகைதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று ஏமாந்து போகிறவர்கள் உண்டு.

அந்தப் பெயர் ஏன் வந்தது? சுட்டெலி சொல்வது இடப்பெயர்ச்சியை: "வலப்புறம் 5 அலகு நகர்ந்தேன், கீழே 3 அலகு நகர்ந்தேன்." பலகை சொல்வது இருப்பிடத்தை: "நான் இந்தப் புள்ளியில் இருக்கிறேன்." இடப்பெயர்ச்சிகளைக் கூட்டிக்கொண்டே போனால் உள்ளே ஒரு சுட்டியும் வெளியே ஒரு சுட்டியுமாகப் பிரிந்துவிடும். இருப்பிடத்தை நேரே சொன்னால் இரண்டும் ஒட்டியே நகரும். அதற்காகவே இந்தப் போலிக் கருவிக்குப் பலகை வேடம் போட்டார்கள். கியூஎமுவின் போலிப் பலகை கிடை இருப்பிடம், செங்குத்து இருப்பிடம், பொத்தான்கள், சக்கரம் ஆகிய செய்திகளைச் சொல்லும். இருப்பிடத்துக்கு 0 முதல் 32767 வரை எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அழுத்தத்துக்கு?

ஒன்றும் இல்லை. அலுவலகப் படிவத்தில் பெயருக்கும் முகவரிக்கும் கட்டம் இருக்கிறது. நம் குறையை எழுதக் கட்டம் இல்லை என்றால், எழுத்தர் அதை எங்கே எழுதுவார்? அதே கதைதான். வெளிக் கணினி 8192 படிகளையும் ஒழுங்காகப் பெற்றுக்கொள்கிறது. சுவரைக் கடக்கும் படிவத்தில் இடமில்லாததால் அந்த எண் அங்கேயே நின்றுவிடுகிறது. பலகை கெடவில்லை, பேனா கெடவில்லை, ஓவிய மென்பொருளும் கெடவில்லை.

சுவரில் ஒரு சாளரம்

நோய் இன்னதென்று தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். போலிக் கருவியைக் காட்டுவதை விட்டு, உண்மைப் பலகையையே உள் கணினியிடம் ஒப்படைக்க வேண்டும். யு.எஸ்.பி. கருவியை நேரே கடத்தும் வசதி பெரும்பாலான மெய்நிகர் மென்பொருள்களில் உண்டு. அதன்பின் பலகை அனுப்பும் செய்திகள் பிரிக்கப்படாமல், உறையோடு உள்ளே போய்ச் சேரும்.

வர்ச்சுவல்பாக்ஸை எடுத்துக்கொண்டால், உள் கணினியின் அமைப்புகளில் யு.எஸ்.பி. பகுதிக்குச் சென்று, நம் பலகைக்கு ஒரு வடிகட்டி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவிக்கும் செய்தவரின் எண், பொருளின் எண் என இரண்டு அடையாள எண்கள் உண்டு. அவற்றைக் கொண்டே வடிகட்டி நம் பலகையைப் பொறுக்கி எடுக்கிறது. வெளிக் கணினி லினக்ஸ் என்றால், யு.எஸ்.பி. கருவிகளைக் கையாளும் உரிமைக்காக உங்கள் பயனர் பெயரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்ற குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பலகை புளூடூத் வழியாகப் பேசிக்கொண்டிருந்தால் இந்த வழி பயன்படாது, வடத்தைச் செருகிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. வடிகட்டியை வெறுமையாக விட்டால் வரும் கருவியையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். புதிதாகச் செருகிய சுட்டெலியும் உள்ளே போய்விட்டால் வெளியே உங்கள் கை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும். நேரே ஒப்படைத்த கருவி மேற்பார்வை மென்பொருளின் வடிப்புக்கு உட்படாமல் உள் கணினியோடு பேசுகிறது என்பதையும் மறவாதீர்கள். சுவரில் சாளரம் வைக்கலாம். சுவரையே இடிக்கக் கூடாது. பலகைக்கு மட்டும் திறவுங்கள். அது உள்ளே இருக்கும்வரை வெளிக் கணினிக்கு அது இல்லை என்பதால், சாதாரணச் சுட்டெலி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றே சோதனைகள்

இவ்வளவு செய்தும் கோடு தடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்வது? பழைய வானொலிப் பழுதுபார்ப்பவர்களைக் கேளுங்கள். ஒலி வராத வானொலியில் எல்லாப் பாகங்களையும் அவர்கள் கழற்றிப் போடுவதில்லை. நடுவில் ஓரிடத்தில் சைகையைச் செலுத்திப் பார்ப்பார்கள். ஒலி கேட்டால் பழுது அதற்கு முன்பக்கம், கேட்காவிட்டால் பின்பக்கம்.

அழுத்தம் நடந்து வரும் பாதையை எழுதிப் பாருங்கள். 1. பேனா. 2. பலகை. 3. வடம். 4. வெளிக் கணினியின் யு.எஸ்.பி. வாசல். 5. மேற்பார்வை மென்பொருள். 6. உள் கணினியின் யு.எஸ்.பி. வாசல். 7. உள் கணினியில் நிறுவிய பலகை இயக்கி. 8. ஓவிய மென்பொருள். மொத்தம் எட்டுப் படிகள். நடுவில் சோதித்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால், மூன்றே சோதனைகளில் பழுதான படியைப் பிடித்துவிடலாம். ஏனெனில் 2-ஐ மூன்று முறை பெருக்கினால் 8.

முதல் சோதனை: பலகையைச் சற்று நேரம் வெளிக் கணினிக்கே திருப்பிக் கொடுத்து வரைந்து பாருங்கள். விலையின்றிக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் அமைப்புகளில், பலகையைச் சோதிக்கும் பகுதி ஒன்று உண்டு. பேனாவை அழுத்த அழுத்த அங்கே எண் மாறினால் முதல் நான்கு படிகளும் நலம். இரண்டாவது: உள் கணினியின் கருவிப் பட்டியலில் பலகை தன் சொந்த அடையாள எண்களோடு தெரிகிறதா? தெரிந்தால் ஐந்தும் ஆறும் நலம். மூன்றாவது: இயக்கியோடு வரும் அமைப்புப் பக்கத்தில் அழுத்தம் அசைகிறதா? அசையாவிட்டால் இயக்கியைச் சரியாக நிறுவுங்கள். இயக்கி இல்லாதபோது பல பலகைகள் சுட்டெலியைப் போலவே நடந்துகொள்ளும். அசைந்தால் பழுது கடைசிப் படியில்.

விண்டோஸில் அந்தக் கடைசிப் படி ஒரு மொழிச் சிக்கலாகவே பெரும்பாலும் இருக்கும். பேனாவின் செய்தியை மென்பொருளுக்குச் சொல்ல அங்கே இரண்டு மொழிகள் உள்ளன. ஒன்று 1990-களின் தொடக்கத்திலிருந்து வழங்கும் விண்டேப். மற்றது விண்டோஸ் இங்க். இயக்கி ஒன்றில் பேச, ஓவிய மென்பொருள் மற்றதில் காத்திருந்தால் அழுத்தம் மறுபடியும் தொலையும். இரண்டையும் ஒரே மொழிக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறந்தால் போதும். சுட்டி இரண்டு இடங்களுக்கு மாறி மாறித் தாவினால், போலிப் பலகையும் உண்மைப் பலகையும் சண்டையிடுகின்றன என்று அறிந்து, சுட்டெலி ஒருங்கிணைப்பை நிறுத்திவிடுங்கள்.

வட்டம் முட்டையானால்

அழுத்தம் வந்துவிட்டதா? இப்போது ஒரு சில்லறை வட்டத்தைப் பலகைமேல் வைத்து அதைச் சுற்றி வரையுங்கள். திரையில் முட்டை வடிவம் வந்தால் வியக்க வேண்டாம். பலகையின் பரப்பு 160 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம் என்க. உள் கணினியின் திரை 1920-க்கு 1080 புள்ளிகள். கிடையாக ஒரு மில்லிமீட்டருக்கு 12 புள்ளிகள், செங்குத்தாக 10.8 புள்ளிகள். வட்டம் பத்துக்கு ஒன்பது என்று நசுங்குகிறது. பலகையின் உயரத்தில் 90 மில்லிமீட்டரை மட்டும் பயன்படுத்துமாறு இயக்கியில் அமைத்தால், இரு திசையிலும் 12 புள்ளிகள் ஆகிவிடும், வட்டம் வட்டமாகும். உள் கணினியை முழுத்திரையில் வைத்துக்கொண்டே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். விகிதம் என்ற ஏழாம் வகுப்புக் கணக்கு இங்கே எவ்வளவு அழகாக உயிர் பெறுகிறது, பாருங்கள்!

இதெல்லாம் தேவையா?

"ஊசல், ஒளிவிலகல் என்று சோதனைகள் இருக்க, இயற்பியல் ஆசிரியருக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வேறு சிலர், "சுற்றி வளைப்பானேன்? வெளிக் கணினியிலேயே வரைந்துவிட்டுப் போகலாமே" என்பார்கள்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. ஓவியம் வரைவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், வெளிக் கணினியில் வரைவதே நல்லது. லினக்ஸிலும் விண்டோஸிலும் கிரிட்டா நன்றாகவே ஓடுகிறது. நடுவே ஒரு கணினியை நுழைத்தால் நினைவகமும் வேகமும் வீணாகும். குறிப்பிட்ட மென்பொருள் ஒன்று உள் கணினியில்தான் ஓடும் என்ற நிலையில் மட்டுமே இந்தச் சுற்றுவழியை நாடுங்கள்.

முதல் கேள்விக்கு என் விடை வேறு. நம் ஆய்வுக்கூடங்களில் ஊசல் பெரும்பாலும் சரியாகவே ஆடுகிறது. வரவேண்டிய விடையும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே மாணவர் அளக்கக் கற்கிறார், ஐயப்படக் கற்பதில்லை. கெட்டுப்போன ஒரு பொருளின் முன் நின்று, "எதுவரை சரியாக இருக்கிறது?" என்று கேட்கும் பழக்கத்தை வேலை செய்யாத கருவிதான் தர முடியும். மின்சுற்றில் விளக்கு எரியாவிட்டால் வோல்ட்மீட்டரைப் படிப்படியாக நகர்த்தித் தேடுகிறோமே, அதே பழக்கம் இது. மருத்துவருக்கும், பொறியாளருக்கும், வயலில் மோட்டார் ஓடாமல் திகைக்கும் உழவருக்கும் நாள்தோறும் தேவைப்படுவதும் இதுவே.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. எங்கே பழுது என்று அறியாதவர், கெடாத பொருளை மாற்றுவார். பேனாவை மாற்றுவார், பிறகு பலகையை, கடைசியில் கணினியையே. அழுத்தம் அப்போதும் அதே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு குடும்பத்தின் சேமிப்பு, படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்துக்காகக் கரையலாமா?

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியில் வரைபலகை ஒன்று கிடைத்தால், ஆசிரியரிடம் அனுமதி பெற்று, உள் கணினியின் நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டு, இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பலகை கிடைக்காவிட்டாலும் குறைவில்லை. எழுத்து அச்சாகாத அச்சுப்பொறியும், ஒலி வராத ஒலிபெருக்கியும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஒரு தாளில் படிகளை எழுதுங்கள். நடுப்படியில் விரலை வைத்து, அங்கே சோதனையைத் தொடங்குங்கள்.